ஒரு புள்ளி, நான்கு பலி

அத்தியாயம் ஐந்து

“பொறாமைக்கு வாசனை உண்டா, பாப்பா?”

லிஃப்டின் கதவு மூடியதும் மாமா கேட்டார்.

“உண்டு மாமா. இப்ப உங்க சட்டையில இருந்து வருது.”

மாமா தன் கழுத்தில் தொங்கிய அட்டையை மறுபடி பார்த்தார். வாசலில் மாட்டிவிட்டது. அக்கா மகள் கண்ணாடியின் அட்டையில் ‘துப்பறிவாளர்’ என்று இருந்தது. அவருடையதில் ‘உடன் வந்தவர்’.

“பஸ்ஸுல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன் நான். முழிக்கிற முழியை வெச்சே எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கேன்! நான் உடன் வந்தவனாம். உன் கைப்பைகூடத்தான் உடன் வந்திருக்கு. அதுக்கும் ஒரு அட்டை வாங்கி மாட்டு.”

கண்ணாடி நழுவிய மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டாள். பள்ளியில் கேலியாக வந்த பெயர் தொழிலில் விலாசமாகவே நிலைத்துவிட்டது. மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. வேலையில் ஓய்வு கொடுத்த மறுநாளே, “நான் வீட்டில இருந்தா உன் அத்தை கையால ஒரு கொலைக் கேஸ் உனக்குக் கிடைக்கும்; அதுக்கு நான் உன்கூடவே வந்துடறேன்” என்று அவளுடைய அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவர். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

நான்காவது மாடியில் காவலாளி எழுந்து நின்றார்.

“தலைவர் காத்திட்டிருக்கார். மேடம் வீட்டுக்காரர் உங்களைக் கூட்டிட்டுப் போவார்.”

மேடம் வீட்டுக்காரர் சுவரோரம் நின்றிருந்தான். தேய்த்த சட்டை, கையில் ஒரு டீ பிளாஸ்க், முகத்தில் நல்ல சிரிப்பு. காவலாளி அந்தப் பெயரைச் சொன்னபோது சிரிப்பு கண்களை விட்டு இறங்கி உதட்டோடு நின்றுகொண்டது.

“நானும் இங்க வேலை பார்க்கிறவன்தான்,” என்றான், யாரும் கேட்காமலே. “கட்டுப்பாட்டு அறையில ஷிஃப்ட் ஆபரேட்டர்.”

தலைவரின் அறையில் மின்விசிறி சுற்றியும் தலைவருக்கு வேர்த்தது. இணைய நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. எல்லோருடைய வலையமைப்பும் வந்து சந்திக்கும் இயந்திரங்களும், யாருக்கு எந்த எண் என்று சொல்லும் பதிவகமும் அவர்கள் பொறுப்பு.

“ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு எண் உண்டு. வண்டி நம்பர் மாதிரி,” என்றார் தலைவர். “ஆரம்பத்தில அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் எண் போதும்னு நினைச்சாங்க. தீர்ந்துடுச்சு. இப்பப் பெரிய எண்கள் வருது. அதை எப்படி எழுதறதுன்னுதான் சண்டை.”

“எண்ணை எண்ணாத்தான் எழுதணும். கோலம் போட்டா எழுத முடியும்?” என்றார் மாமா.

“எங்க சின்ன மேடமும் அதைத்தான் சொல்றாங்க. 65546ன்னா அப்படியே 65546. பெரிய மேடம் வேற கட்சி. பழைய எண் மொத்தமும் ஒரு கட்டுன்னு வெச்சுக்கோங்க. ஒரு கட்டு தாண்டி மேல பத்து. அதனால ஒண்ணு, ஒரு புள்ளி, பத்து. 1.10. சின்னதா இருக்கு, மனசுல நிக்குதுங்கிறாங்க. நம்ம பதிவகத்தில தேடினா இன்னிக்கும் புள்ளியோடதான் காட்டும். அந்தத் தேடல் பக்கத்தை எழுதினதே பெரிய மேடம்தான்.”

“ஆளுக்கொரு மாதிரி எழுதிட்டுப் போகட்டுமே?”

“அப்படி விட்டா, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தேடிக் கண்டுபிடிக்க முடியாது சார். இன்னிக்குச் சாயந்திரம் வாக்கெடுப்பு. யார் முறை ஜெயிக்குதோ அவங்கதான் புதுப் பதிவகத்துக்குத் தலைமை.” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “இதுல இன்னொரு வில்லங்கம். ரெண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவங்க, தம்பி பெண்டாட்டி சின்னவங்க. ஒரே வீட்டுல மேல் மாடி, கீழ் மாடி.”

“ஒரே உறையில ரெண்டு கத்தி,” என்றார் மாமா. “உறையோட கதியை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.”

டீ ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரனின் கை ஒரு கணம் நின்றது. முதல் கோப்பை கண்ணாடிக்குப் போனது. இரண்டாவது தலைவருக்கு. மாமாவுக்கு வந்தது பாதிக் கோப்பை. மாமா அதை அளந்து பார்த்துவிட்டு, மருமகளின் கோப்பையையும் அளந்து பார்த்தார்.

“காலையில என்ன நடந்தது?” என்றாள் கண்ணாடி.

“சின்ன மேடம் சாயந்திரம் செய்துகாட்ட ஒரு மாதிரி வலையமைப்பைத் தயார் பண்ணி ஓட விட்டிருந்தாங்க. திடீர்னு வேற நாலு வலையமைப்பு செத்துப்போச்சு. ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கேபிள் கம்பெனி, ஒரு குளிர்சாதனக் கிடங்கு. ஆஸ்பத்திரியில ஆளை ஆபரேஷன் மேஜையில படுக்க வெச்சுட்டு, ஸ்கேன் படம் வரலைன்னு டாக்டர் கையைக் கட்டிட்டு நின்னிருக்கார். நல்லவேளை, உயிருக்கு ஒண்ணும் ஆகலை. பார்த்தா, எங்க இயந்திரத்தில ‘இந்த எண்ணை விடாதே’ன்னு யாரோ ஒரு தடுப்பு விதி போட்டிருக்காங்க. சின்ன மேடம் மேஜையில இருந்து, அவங்க பேர்ல.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சுட்டுக் கூட்ட அறைக்குத் திரை சரியா இருக்கான்னு பார்க்கப் போனேங்கிறாங்க. சாட்சி இல்லை. அவங்க கார்டை வாங்கிட்டேன். அந்த விதியைக்கூட அவங்க கண்ணுல காட்டலை. நீங்க வேற ஆளைக் காட்டினாச் சரி. இல்லைன்னா சாயந்திரம் அவங்க முறை வாக்குக்கே வராது. வேலையும் போயிடும்.”

“அந்த நேரத்தில மாடியில வேற யார்?”

“பெரிய மேடம் இருந்தாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு, சின்ன மேடம் வீட்டுக்காரர் இவர் இருந்தார். புருஷன் பெண்டாட்டிக்குக் குழி பறிப்பானா? இவரைக் கழிச்சுடலாம். அப்ப, சின்னவங்க இல்லைன்னா பெரியவங்க.”

“கழித்தல் கணக்கைக் கொஞ்சம் வேகமா போடறீங்க,” என்றாள் கண்ணாடி. “விதியைக் காட்டுங்க.”

வீட்டுக்காரன் திரையைத் திருப்பினான். இயந்திரத்தின் குறிப்பேட்டில் பதிவாகியிருந்த ஒரே வரி.

தடு 1.10

“பாருங்க மேடம், புள்ளி!” அவன் குரல் உயர்ந்தது. “இந்த ஆபீஸ்ல புள்ளி வெச்சு எழுதறது யாரு? எங்க அண்ணி ஒருத்தங்கதான். வீட்டு விஷயமாச்சேன்னு நான் வாயைத் திறக்கலை.”

“இப்பத் திறந்துட்டீங்க,” என்றார் மாமா, காலிக் கோப்பையை நீட்டியபடி. “அப்படியே பிளாஸ்க்கையும் திறங்க.”

கண்ணாடி விதியைப் பார்த்தபடியே கேட்டாள். “1.10ங்கிறது யாரோட எண்?”

“என் மனைவி தயார் பண்ணின மாதிரி வலையமைப்பு.”

“அது நின்னுச்சா?”

தலைவர் திகைத்தார். “இல்லையே. அது மட்டும் ஜம்முனு ஓடிச்சு.”

“நின்ன நாலுக்கும் என்ன எண்?”

தலைவர் சொல்லச் சொல்ல, அவள் உள்ளங்கையில் பேனாவால் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு மாமாவை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். தண்ணீர் இயந்திரத்தின் அருகில் யாரும் இல்லை.

“எனக்குப் புரிஞ்சிடுச்சு பாப்பா. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கேபிள், கிடங்கு. நாலு இடத்திலயும் சண்டை போட்டுத் திட்டு வாங்கின ஆள் ஒருத்தன் இருக்கான். அவனைப் பிடி.”

“அப்படிப் பார்த்தா நீங்கதான் மாமா. இதைப் பாருங்க.”

அவள் உள்ளங்கையை விரித்தாள்.

1010
1210
1410
1710

“எல்லாம் ஒண்ணுல ஆரம்பிக்குது. பத்துல முடியுது,” என்றார் மாமா. “நடுவில ஆள் மாறுது.”

“ரம்மி ஆடுவீங்கல்ல? ஜோக்கர் என்ன பண்ணும்?”

“எந்தச் சீட்டு இல்லையோ அந்தச் சீட்டா நிக்கும்.”

“இந்தத் தடுப்பு இயந்திரத்துக்குப் புள்ளின்னா ஜோக்கர். ‘இந்த இடத்தில எது இருந்தாலும் சரி’ன்னு அர்த்தம். ஒண்ணு, ஜோக்கர், பத்து. அந்த உருவத்தில இங்க வந்து சேர்ந்த நாலு பேரையும் அது பிடிச்சு நிறுத்திடுச்சு. குறி வெச்ச எண் இயந்திரத்துக்குள்ள 65546ன்னு நேராத்தான் இருக்கு. அதுக்கும் இந்த வரிக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. அதனால அது தப்பிச்சிடுச்சு.”

மாமா நான்கு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “உன் அத்தை கரண்டி வீசற மாதிரி. குறி எனக்கு, உடையறது ஜன்னல்.”

“ஆமா. அப்ப முதல் விஷயம் என்ன? நாலு பேருக்கும் இதுல சம்பந்தமே இல்லை. எறிஞ்சவங்களுக்குச் சின்னவங்களோட செய்முறை சாயந்திரம் ஊர் முன்னால கவிழணும். அவ்வளவுதான்.”

“பெரியவதான். வயிற்றெரிச்சல். முடிச்சுட்டுக் கிளம்பலாமா?”

“முடிக்கலாம். ஒரு பரீட்சை வெச்சுட்டு.”

பயிற்சி அறையில் யாருக்கும் பாதகம் செய்யாத ஒரு பழகு இயந்திரம் இருந்தது. கண்ணாடி ஒவ்வொருவராக வரச் சொன்னாள். கேள்வி ஒன்றுதான். மூலைத்தெரு அச்சகத்தின் வலையமைப்பைப் பதிவகத்தில் தேட வேண்டும். அதை இந்த இயந்திரத்தில் தடுக்க வேண்டும்.

முதலில் சின்னவள் வந்தாள். அழுது முடித்து முகம் கழுவிய ஈரம் காதோர முடியில் இருந்தது. தேடினாள். திரை 2.15 என்று காட்டியது. அவள் உதடு லேசாக அசைந்தது. விரல்கள் 131087 என்று அடித்தன.

“மனசாலயே பெருக்கிட்டீங்களா?” என்றார் மாமா.

“பழகிடுச்சு சார்.” பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். “அக்காவைச் சந்தேகப்படறீங்களாமே. அவங்களுக்கு என்மேல பொறாமை உண்டுதான். ஆனா ஆஸ்பத்திரியை நிறுத்தற மனசு இல்லை.”

“பொறாமைன்னு எப்படித் தெரியும்?”

“நான் ஒரு பாராட்டு வாங்கிட்டு வந்தா, அன்னிக்கு வீட்டில பாத்திரம் சத்தமா விழும்.”

“யார் கையில இருந்து?”

சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். “மேல் மாடியில இருந்து கேட்கும்,” என்றாள். கதவருகில் போன பிறகு திரும்பி, “சில நாள் கீழ் மாடியிலயும்,” என்றாள்.

மேல் மாடி பெரியவளுடையது. கீழ் மாடியில் சின்னவளும் அவள் கணவனும்.

அடுத்து பெரியவள். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். நாற்காலியில் உட்காருமுன் அது சின்னவள் உட்கார்ந்த சூட்டோடு இருப்பதைக் கையால் உணர்ந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாமா கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

2.15 திரையில் வந்தது. பெரியவளின் கை முதலில் 2 அடித்தது. பிறகு ஒரு சாய்கோடு. அதற்குப் பிறகுதான் புள்ளி. சட்டென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு 131087 என்று போட்டாள்.

“முதல்ல அந்தச் சாய்கோடு எதுக்கு?” என்றாள் கண்ணாடி.

“புள்ளியை இந்த இயந்திரத்துக்குள்ள விடும்போது சாய்கோட்டால கட்டித்தான் விடணும். இல்லைன்னா அவிழ்த்துவிட்ட மாடு. எல்லார் தோட்டத்திலயும் மேயும். என் கைக்கு அது தன்னால வரும்.”

“அப்புறம் ஏன் அழிச்சீங்க?”

“கட்டினாலும் இந்த இயந்திரம் புள்ளி எண்ணைத் தின்னாது. இதுக்கு நேர் எண்தான் தீனி.” சொல்லி முடித்ததும் பெரியவளின் வாய் இறுகியது. எதிர்க்கட்சிக்கு ஒரு வாக்கைத் தவறுதலாகப் போட்டுவிட்ட முகம்.

கடைசியாக வீட்டுக்காரன். விசில் அடிக்காத குறையாக வந்து உட்கார்ந்தான். தேடினான். 2.15ஐ அப்படியே நகலெடுத்தான். தடுப்பு விதியில் ஒட்டினான். கையைத் தட்டிக்கொண்டான்.

“அவ்வளவுதான் மேடம். தேடறது, ஒட்டறது. தினமும் பண்ற வேலை.”

“தினமும் புள்ளி வருமா?”

“வராது. எங்களுக்கு வர்றது எல்லாம் பழைய சின்ன எண்கள். புது எண்கள் எல்லாம் அவங்க ரெண்டு பேரோட ராஜ்யம். நாங்க எட்டிப் பார்க்க முடியுமா?” சிரிப்பு மறுபடியும் உதட்டோடு நின்றது.

“மாமா, எல்லாரையும் கூப்பிடுங்க.”

தலைவரும் இரண்டு ஓரகத்திகளும் வந்தார்கள். கண்ணாடி எழுந்து பலகையில் காலை விதியை எழுதினாள். பக்கத்தில் நான்கு எண்களை எழுதினாள். புள்ளி செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னாள். சின்னவள் விதியை முதல்முறையாகப் பார்த்தாள். அவள் கை வாயைப் பொத்தியது.

“இதுல புள்ளி இருக்கு, அதனால புள்ளிக்காரங்க எழுதினதுன்னு எல்லாரும் நினைச்சீங்க,” என்றாள் கண்ணாடி. “புள்ளியோட பழகினவங்க கை முதல்ல சாய்கோட்டைப் போடுது. நேர் எண் எழுதறவங்க கை புள்ளியைப் போடவே மாட்டேங்குது. பதிவகம் காட்டினதை அப்படியே ஒட்டற கை ஒண்ணுதான். இப்ப என் கண் முன்னால ஒட்டின கை.”

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையில் இருந்த 2.15ஐப் பார்த்தார்கள்.

“அண்ணிதான்...” என்று ஆரம்பித்தான். பெரியவள் நிமிர்ந்து பார்த்ததும் அந்தச் சொல் பாதியில் நின்றது.

சின்னவள் அருகில் வந்தாள். “நீங்களா?”

“செய்முறை மட்டும் சொதப்பணும்னு நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான். ஆஸ்பத்திரி எப்படி நின்னுச்சுன்னு இந்த அம்மா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“ஏன்?”

“உன்னை இங்க சேர்த்துவிட்டதே நான்!” அவன் குரல் உடைந்தது. “அப்ப நீ ‘ஆபரேட்டர் சம்சாரம்’. இப்ப என் பேரே யாருக்கும் ஞாபகம் இல்லை. வாசல்ல இருந்து தலைவர் வரைக்கும் ‘மேடம் வீட்டுக்காரர்’. நீ தோத்து ஒரே ஒரு நாள் அழுதுட்டு வருவே, நான் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொல்வேன்... அப்படி ஒரு நாள் வேணும்னு இருந்துச்சு.”

சின்னவள் அவனையே பார்த்தாள். “காலையில இருந்து அழுதேனே,” என்றாள். “நீங்க டீ கொண்டு வந்து குடுத்தீங்க.”

மாமாவின் வாயில் ஒரு ஜோக் இருந்திருக்க வேண்டும். விழுங்கிக்கொண்டார்.

தலைவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். “முடிஞ்சுது.”

“பாதிதான் முடிஞ்சிருக்கு,” என்றாள் கண்ணாடி. பெரியவள் பக்கம் திரும்பினாள். “எனக்கே இந்தப் புள்ளி கொஞ்ச நேரத்தில பிடிபட்டது. அதோட குடித்தனமே நடத்தினவங்க நீங்க. விதியைக் காலையில யார் அழிச்சாங்க?”

“நான்,” என்றாள் பெரியவள்.

“அழிக்கும்போதே யார் கைன்னு தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சுது.”

“சொல்லலை.”

பெரியவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “தம்பி வேலை போயிடக் கூடாதுன்னு பேசாம இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மத்தியானம் இவளோட கார்டைப் பிடுங்கினாங்க. அப்ப என் நெஞ்சுல ஒரு குளிர்ச்சி வந்துச்சு பாருங்க. அப்பத் தெரிஞ்சுது, தம்பிக்காக இல்லைன்னு.”

“அக்கா,” என்றாள் சின்னவள்.

அவன் மனைவியின் கையைப் பிடிக்கப் போனான். “கூட்டத்தில என் பேரைச் சொல்லிடாதே. இயந்திரக் கோளாறுன்னு சொல்லிடலாம். தலைவர் ஒத்துக்குவார்.”

தலைவர் கூரையைப் பார்த்தார். ஒத்துக்கொள்ளக்கூடியவர்தான்.

சின்னவள் தன் கார்டுக்காகத் தலைவரிடம் கையை நீட்டினாள்.

கூட்ட அறையில் எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தன. கண்ணாடியும் மாமாவும் சுவரோரம் நின்றார்கள். சின்னவள் தயார் செய்திருந்த படங்களைத் திரையில் போடவே இல்லை. பலகையில் 1.10 என்று எழுதினாள். அதன்கீழ் நான்கு எண்கள்.

“காலையில ஒருத்தர் ஒரே ஒரு வலையமைப்பை நிறுத்த நினைச்சார். பதிவகத்தில தேடினார். அது காட்டினதை அப்படியே ஒட்டினார். நின்னது இந்த நாலு. ஆஸ்பத்திரி உள்பட. அவர் தினமும் இயந்திரத்தில வேலை பார்க்கிறவர். அவரே ஏமாந்தார். நாளைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு ஆபரேட்டர் இதே மாதிரி ஒட்டுவார். தேடும்போது காட்டறதும், இயந்திரம் படிக்கிறதும் ஒரே எழுத்தா இருக்கணும். நேர் எண்ணா இருக்கணும். எனக்கு இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை.”

பின்வரிசையில் ஒருவர், “யார் அந்த ஆபரேட்டர்?” என்றார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“என் வீட்டுக்காரர்,” என்றாள் சின்னவள்.

அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. மாமா கண்ணாடியின் காதில், “எதிரியைத் தோற்கடிக்கப் போய் அவளுக்கே சாட்சி தேடிக் குடுத்திருக்கான். பொறாமைக்கும் ஒரு புத்திசாலித்தனம் வேணும் பாப்பா,” என்றார்.

வாக்கெடுப்பு. நேர் எண்ணுக்குக் கைகள் எழுந்தன. புள்ளிக்கும் எழுந்தன. தலைவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். சரிபாதி. பெரியவளின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. அவள் பலகையை வெகுநேரம் பார்த்தாள். 1.10. அழகாகத்தான் இருந்தது.

கை எழுந்தது.

“எழுதிக்கோங்க,” என்றாள் தலைவரிடம். பிறகு சின்னவளைப் பார்த்தாள். “எனக்கு இன்னும் பொறாமைதான். அதுல மாத்தம் இல்லை. ஆனா புள்ளி தப்பு.”

கீழே வாசலில், ஒருவன் தன் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டிருந்தான். ஜெயித்த செய்தி மட்டும் எட்டியிருந்த வாசல் காவலாளி எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஜெயிச்சுட்டாங்களாமே சார்! கைதட்டல் இங்க வரைக்கும் கேட்டுச்சு. இனிமே சின்ன மேடம்தான் பெரிய மேடம். நீங்க பெரிய மேடம் வீட்டுக்காரர்!”